காக்கை தொடாத சோறு

ஊரில் அத்தனை பேருடைய இடுப்பளவும் கொம்பையா டெய்லருக்குத் தெரியும். அவருடைய இடுப்பளவு ஊருக்கே தெரியும். நாற்பத்தாறு இஞ்ச். பஸ் ஸ்டாண்டில் அவர் கடைக்கு வழி கேட்டால், "வாசலை அடைச்சிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருப்பாரு, அந்தக் கடைதான்" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வார். சிரிக்காவிட்டால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

ஐம்பத்திரண்டாம் வயதில் சர்க்கரை முந்நூற்று நாற்பது என்று காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே கொம்பையா பழைய நெல்லு மில்லுக்குப் போனார்.

மில்லில் நெல் அரைப்பது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. பிரமசக்தி டீச்சர் அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். ஒரு காலத்தில் மாநில அளவில் பளு தூக்கியவர். முழங்கால் போனபிறகு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் ஆனார். யாரையும் பாராட்ட மாட்டார், யாரையும் திட்டவும் மாட்டார். இந்தக் குணத்தைத் தாங்க முடியாமல் வந்தவர்களில் பாதிப்பேர் இரண்டே மாதத்தில் நின்றுவிடுவார்கள்.

"டீச்சர், நான் என்ன செய்யணும்?"

"குளத்தைச் சுத்தி ஒரு சுத்து நடங்க. தட்டுல விழுறதுல பாதி சாப்பிடுங்க."

"மத்தப் பாதியை என்ன செய்ய?"

"பாதி சாப்பிடுங்கன்னு மட்டுந்தான் சொன்னேன், அண்ணாச்சி."

வெட்டில் மிஞ்சுகிற துண்டுத் துணியைக்கூடப் பையாக்காமல் விடமாட்டார் கொம்பையா. அவருக்குச் சோற்றைச் சாக்கடையில் கொட்டக் கை வருமா? மறுநாள் மதியம் தன் பாதியைச் சாப்பிட்டார். மற்றப் பாதியை உருட்டிக்கொண்டுபோய்ப் புறவாசல் சுவரில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார். அமாவாசைக்கு அமாவாசை அப்பாவுக்கு வைத்துப் பழகிய கை.

அவர் மனைவி ஆவுடைத்தங்கம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் கெடக்கே."

"சும்மா வைக்கேன்."

"சும்மா யாரு வைப்பா? செத்தவங்க பேரைச் சொல்லில்லா வைப்பாங்க."

கொம்பையாவுக்கு அன்று நல்ல மனசு. தன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். "அப்பம் இந்தத் தடியன் பேரைச் சொல்லி வைக்கேன். இன்னையோட இவன் செத்தான்."

தங்கம் சிரித்துவிட்டாள். முருங்கை மரத்தில் இரண்டு காக்கைகள் சோற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இரண்டும் இறங்கவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் சுவரில் ஒரு பருக்கை இல்லை. அவர் போனபிறகு காக்கைகள் வந்து தின்றிருக்கும். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்.

அன்றிலிருந்து தினமும் வைத்தார். உடம்பு இறங்கியது. தன் பேன்டின் இடுப்பைத் தானே பிரித்து, பிடித்துத் தைத்துக்கொண்டார். நாற்பத்திரண்டு. முப்பத்தெட்டு. முப்பத்துநான்கு. கடைக்கு வந்தவர்களெல்லாம், "அண்ணாச்சி, பாதியை எங்க ஒளிச்சு வச்சிருக்கிய?" என்று கேட்டார்கள். இந்தத் தடவை அவர் மனதாரச் சிரித்தார். டீச்சர் மட்டும், "நாளைக்கு வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பதினாலாவது மாதம் தராசில் எழுபத்திரண்டு காட்டியது. நூற்றுப் பதினெட்டில் தொடங்கியவர்.

"போதும் அண்ணாச்சி," என்றார் டீச்சர். "சர்க்கரை எறங்கியாச்சு. இனிமே வயிறு நெறையச் சாப்பிடுங்க. நடக்கதை மட்டும் விட்டுராதிய."

"சரி டீச்சர்."

அன்று ஒரு வேளை சாப்பிட்டதோடு சரி. அதற்குப்பிறகு அவர் வயிறு நிறையச் சாப்பிடவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கொம்பையா நடப்பது மதியத்தில். காலையும் மாலையும் கடையில் ஆள் இருக்கும், உச்சி வேளையில்தான் ஓய்வு. உச்சி நேரத்தில் குளத்தங்கரையில் தனியாகப் போகாதே என்று அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருப்பார்கள். இருட்டுக்குப் பயப்படாதவர்களும் அங்கே உச்சி வெயிலுக்குப் பயப்படுவார்கள். கொம்பையா அதையெல்லாம் சட்டை செய்கிறவர் இல்லை. மூன்றாவது மாதம் வரைக்கும்.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், மடையைத் தாண்டும்போது பின்னால் யாரோ வந்தார்கள். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வைக்கிற நடை. பத்தடிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. திரும்பினார். கரை நெடுக வெயில்தான் இருந்தது. உடைமரத்து நிழல்கூட மரத்தடியில் சுருண்டு கிடந்தது.

மறுபடி நடந்தார். மறுபடி அந்தச் சத்தம். இந்தத் தடவை காதைக் கொடுத்துக் கேட்டார். நடைக்கு நடை துணி உரசியது. தொடை பெருத்தவன் போட்டிருக்கும் டெரிகாட்டன் பேன்ட் நடக்கையில் எப்படி உரசும் என்று ஒரு டெய்லருக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். அவர் அன்று லுங்கிதான் கட்டியிருந்தார்.

அன்று அவர் நடந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. டீச்சரிடம் அதைச் சொன்னபோது, "நல்லது" என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அதன்பிறகு தினமும் வந்தது. கொம்பையா மெலிய மெலிய அது பின்தங்கியது. பத்தடி, இருபதடி, கூப்பிடு தூரம். 'எனக்கு வேகம் கூடுது, அவனுக்குக் கூடல' என்று அவருக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. டீச்சர் 'போதும்' என்று சொன்ன அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார். மீன் குழம்பு. மறுநாள் மதியம் மடையருகே பிடரியில் வெப்பமாக மூச்சு விழுந்தது.

அவ்வளவுதான். மறுபடி பாதியானார். பிறகு கால். பிறகு இரண்டு கரண்டி. அவர் பங்கு குறையக் குறையக் காக்கையின் பங்கு கூடியது. உருண்டை வைத்த சுவரில் இடம் போதாமல், துவைகல்லில் இலை போட்டு வைக்க ஆரம்பித்தார். சோறு, குழம்பு, ரசம், கூட்டு, அப்பளம், ஓரத்தில் உப்பு. விருந்தாளிக்குப் பரிமாறுவது மாதிரி. ஒரு காக்கையும் தொடவில்லை. இலை மட்டும் தினமும் காலியானது. தினமும் சாயங்காலம் தெருநாய் இழுத்துப்போட்டதுபோல இலை எங்காவது கிடக்கும், தங்கம் பெருக்கித் தள்ளிவிடுவாள்.

தராசு ஐம்பத்தொன்றுக்கு வந்தது.

ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்கியது. ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மிஷின் மேல் சாய்ந்துவிட்டார். டாக்டர் தங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "நெஞ்சுல சதை கரைய ஆரம்பிச்சிட்டு. இன்னும் நாலு கிலோ எறங்குனா படுக்க வைக்க வேண்டியதுதான். படுத்தா எந்திரிப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன்." தங்கம் வீட்டுக்கு வந்து அழுதாள், கெஞ்சினாள், தானும் சாப்பிடாமல் இரண்டு நாள் கிடந்து பார்த்தாள். கொம்பையாவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் சோற்றைப் பார்த்ததும் பிடரி வேர்த்தது.

மூன்றாம் நாள் அவராகவே மில்லுக்குப் போனார். டீச்சர் தனியாக இரும்புத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இன்னும் எத்தனை கிலோ குறைச்சா அவன் என்னை விடுவான்?"

டீச்சர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "யாரு?"

கொம்பையா எல்லாவற்றையும் சொன்னார். செருப்புச் சத்தம், துணி உரசல், பிடரியில் விழுந்த மூச்சு. சோற்றுச் சங்கதியை மட்டும் சொல்லவில்லை. அது அவருக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

டீச்சர் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. "ஆளைப் பாத்தியளா?"

"திரும்புனா ஒண்ணும் இல்ல."

"அளவு எடுத்தியளா?"

"என்னது?"

"நீங்க டெய்லர்தான? ஆளு தெரியலன்னா அளவை எடுங்க."

"காத்தை எப்படி டீச்சர் அளக்க?"

"அளந்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த தட்டை எடுத்தார்.

மறுநாள் உச்சிக்குக் கொம்பையா போனார். கழுத்தில் இஞ்ச் டேப் கிடந்தது. அது இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை. மடைவரைக்கும் நடந்தார். பின்னால் செருப்பு தேய்ந்தது. ஓடவேண்டும்போல இருந்தது. கால் ஓடாது என்பதும் தெரிந்தது. நின்றார்.

செருப்பும் நின்றது.

திரும்பினார். எதிரே ஒன்றுமில்லை. குளத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது, அக்கரையில் இரண்டு எருமைகள் முதுகை மட்டும் காட்டிக்கொண்டிருந்தன. மூச்சு மட்டும் முகத்துக்கு நேரே வந்து வந்து போனது. அதில் சூடான இஸ்திரிப்பெட்டி வாசனையும் மசால்வடை வாசனையும் கலந்திருந்தன. அவருடைய கடையின் வாசனை.

கொம்பையா டேப்பை உருவினார். வாடிக்கைக்காரரைக் கட்டிப்பிடிப்பதுபோல இரண்டு கையையும் வெறும் வெளியில் அகல விட்டு, டேப்பைப் பின்னால் சுற்றி, முன்னால் கொண்டுவந்து நுனிகளைச் சேர்த்தார்.

டேப் கீழே விழவில்லை. எதன்மீதோ வெதுவெதுப்பாக நின்றது.

கட்டைவிரலுக்கு அடியில் பார்த்தார். நாற்பத்திநாலு. முப்பது வருஷப் பழக்கம், வாய் தன்னால் சொல்லிவிட்டது. "வயித்தை எக்காதிய. சும்மா நில்லுங்க."

யாரோ மூச்சை விட்டார்கள். டேப் அவர் விரலுக்குள்ளிருந்து மெல்ல நழுவி, நாற்பத்தாறில் வந்து நின்றது.

அன்று சாயங்காலம் எப்படி மில்லுக்கு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. டீச்சர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். பாதி வாயில் போனது, பாதி சட்டையில் போனது.

"எவ்வளவு?"

"நாப்பத்தாறு."

"யாரு அளவு?"

"என் அளவு. பழைய அளவு."

"என்ன வேணுமாம் அவருக்கு?"

கொம்பையா விழித்தார். "நான் கேக்கல."

"அளவை எடுத்துட்டு என்ன தைக்கணும்னு கேக்காம வந்த டெய்லர் நீங்க ஒருத்தர்தான், அண்ணாச்சி."

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. டீச்சரிடம் அவர் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. "என்னத்தக் கேக்கச் சொல்லுதிய? அவன் செத்துட்டான். அவனை நாந்தான் கொன்னேன். ஊரெல்லாம் அவனைப் பாத்துச் சிரிச்சுது, அவனும் கூடச் சேந்து இளிச்சான். அவன் மூஞ்சியே எனக்கு வேண்டாம். போய்த் தொலைன்னு தெனமும் சோறு வேற வைக்கேன், இன்னும் ஏன் வாரான்?"

"சோறா?"

"காக்காச்சோறு."

"அவருக்கா?"

"அவன் பேரைச் சொல்லித்தான்."

டீச்சர் அவர் கையிலிருந்த செம்பை வாங்கி வைத்தார். பிறகு, "நாளைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கெடையாது. மத்தியானம் வீட்டுக்கு வாரேன்," என்றார்.

சனிக்கிழமை சொன்னபடி வந்தார். தங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் அந்தக் கையை விடாமல் அடுப்படி வழியாகப் புறவாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தார்.

கொம்பையா நின்றபடியே இரண்டு கரண்டி சோற்றை விழுங்கினார். பிறகு துவைகல்லைக் கழுவி, நல்ல இலையாகப் பார்த்து விரித்தார். துவைகல் மதில்சுவரை ஒட்டிக் கிடந்தது. அதில் சாப்பிட உட்காருகிறவன் வீட்டுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார முடியும். ஒன்று விடாமல் பரிமாறினார். மூன்று தடவை "கா" என்று கூப்பிட்டார். குரலே எழும்பவில்லை.

"நான் வச்சிட்டு உள்ள போயிருவேன் டீச்சர்."

"இன்னைக்கு இங்க இருங்க."

மூன்று பேரும் படியில் இருந்தார்கள். முருங்கையில் காக்கைகள் கரைந்துகொண்டிருந்தன. பிறகு கரைவதை நிறுத்தின. பக்கத்து வீட்டு ரேடியோ பாடியது. வெயிலில் கண் கூசியது.

இலையில் அப்பளம் நொறுங்கியது.

காற்று இல்லை. அணில் இல்லை. தங்கம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். சோற்றுக் குவியலின் ஓரம் சரிந்து, ஒரு கைப்பிடி அளவு குறைந்தது. பிறகு இன்னொரு கைப்பிடி. அவசரமே இல்லை. கொம்பையா தன் வாழ்நாளில் அப்படி நிதானமாகச் சாப்பிட்டவரில்லை. ஆசைப்பட்டுச் சாப்பிடுகிற சாப்பாடாக அது தெரியவில்லை. சாப்பிடாமல் போனால் மரியாதையில்லை என்று உட்கார்ந்தவன் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. நடுவில் கொஞ்சநேரம் எதுவுமே அசையவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மறுபடி சோறு குறைந்தது.

கடைசிப் பருக்கையும் போனபிறகு இலை மெதுவாக எழுந்து மடிந்தது.

கொம்பையா டீச்சர் பக்கம் திரும்பினார். "பாத்தியளா டீச்சர். செத்தும் இவன் வயிறு நெறையல. இவனை நான் எப்படிக் கரையேத்த? அதை மட்டும் சொல்லிருங்க."

டீச்சர் எழுந்து துவைகல்லருகே போனார். இலையைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டு இலையை எப்படி மடிப்பிய?"

"மேல்பாதியை எடுத்து நம்ம பக்கமா."

"இங்க வந்து பாருங்க."

கொம்பையா போய்ப் பார்த்தார். இலையின் கீழ்ப்பாதி எழுந்து, மேல்பாதியின்மேல், சுவர்ப்பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. உட்கார்ந்தவன் தனக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்திருந்தான். அப்படி மடிப்பது சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான். அந்த ஊரில் அதைத் துட்டி வீடு என்பார்கள், அங்கே துக்கம் விசாரிக்கப் போவதைத் துட்டி கேட்பது என்பார்கள். துட்டி வீட்டில் சாப்பிட்டவன் மறந்துபோய்க்கூட இலையைத் தன் பக்கம் மடிக்கமாட்டான்.

தங்கமும் பார்த்துவிட்டாள். அவள் கை தாலிக்குப் போனது.

"துட்டிச் சோறுதான டீச்சர் வைக்கேன்," என்றார் கொம்பையா. "அவன் செத்ததுக்குத்தான வைக்கேன். அதான் அப்படி மடிச்சிருக்கான்."

"செத்தவன் இலையை மடிக்க மாட்டான், அண்ணாச்சி. துட்டி கேக்க வந்தவன்தான் மடிப்பான்."

கொம்பையா இலையைப் பார்த்தார். தாலியைப் பிடித்திருந்த தங்கத்தின் கையைப் பார்த்தார். படியில் போய் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டுக்காக அவளிடம் கையை நீட்டினார்.